கொழுப்புக் கட்டிக்குப் பத்து நாள் லீவு

‘கொழுப்பு’ என்ற சொல்லைக் கேட்காமல் நம் தெருப் பிள்ளைகள் யாரும் வளர்ந்திருக்க முடியாது. புதுச் சட்டை போட்டால் கொழுப்பு. ஊர்த்தெருவில் பைக்கை விட்டு இறங்காமல் போனால் கொழுப்பு. கூலியை ஏற்றிக் கேட்டால் கொழுப்பு. கேட்டது கிடைக்கவில்லை என்று வேலைக்குப் போகாமல் இருந்தால் அதைவிடப் பெரிய கொழுப்பு. அப்படியிருக்க, நம்மில் ஒருவருக்குக் காலில் ஒரு கட்டி வந்து, அதற்கு டாக்டர் ‘கொழுப்புக் கட்டி’ என்று பெயரும் சொல்லிவிட்டால், ஊர் வாய்க்கு அல்வா கிடைத்த மாதிரிதான். “ஒனக்கெல்லாம் கொழுப்பு கட்டிக்கிற அளவுக்கு ஆயிருச்சா?” இது ரேஷன் கடை வரிசையில், எங்களுக்குத் தெரிந்த ஒரு தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கேட்கப்பட்ட கேள்வி. கேட்டவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

முதலில் மருத்துவத்தைச் சொல்லிவிடுவோம். இந்தக் கட்டிக்கும் தின்கிற கொழுப்புக்கும் சம்பந்தம் கிடையாது. தோலுக்கு அடியில் எல்லோருக்கும் ஒரு கொழுப்பு அடுக்கு இருக்கிறது. ஒட்டி உலர்ந்த உடம்பிலும் இருக்கிறது. அந்த அடுக்கின் செல்கள் ஓரிடத்தில் கூடுதலாகப் பெருகி, ஒரு மெல்லிய உறைக்குள் உருண்டு நிற்பதுதான் லைப்போமா. நூறு பேரில் ஒருவருக்காவது வரும். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் வெளியே தெரியும். சில குடும்பங்களில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் உடம்பெங்கும் சின்னச் சின்னதாக இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும், அழுத்தினால் விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகரும், வலிக்காது. இது புற்றுநோய் அல்ல. அப்படியே விட்டுவிட்டாலும் பலருக்கு ஒன்றும் ஆகாது.

இதைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று இளைய தோழர்கள் கேட்கலாம். வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆணவக் கொலைகள் இருக்கின்றன, தேர்வு எழுதப் போன பிள்ளையை வெட்டுகிறார்கள், இவர்கள் கட்டியைப் பற்றி எழுதுகிறார்கள் என்று தோன்றலாம். எங்கள் பதில் எளிமையானது. ஒரு வருடத்தில் நாங்கள் காவல் நிலையத்துக்குப் போகும் நாட்களைவிட, நம் மக்களோடு அரசு மருத்துவமனைக்குப் போகும் நாட்கள் அதிகம். வன்கொடுமை செய்தியாகிறது. ஓபி சீட்டு செய்தியாவதில்லை. ஆனால் சாதி அந்த வரிசையிலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. பெரிய நோயில் அது சில நேரம் மறைந்துகொள்ளும். ஏனென்றால் பெரிய நோய் வந்தால் 108 வரும், காப்பீட்டு அட்டை வரும், கவுன்சிலர்கூட வருவார். சின்ன நோயில்தான் அது அம்மணமாகத் தெரியும்.

அந்த அக்காவின் கட்டி இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இருந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு. நான்கு வருடத்தில் எலுமிச்சம்பழம் அளவு. வீட்டில் உட்கார்ந்தபடி வேலை செய்கிறவராக இருந்திருந்தால் அதை மறந்தேகூடப் போயிருப்பார். இவர் நகராட்சியில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார். மழைக்காலத்தில் கால்வாய் அள்ள ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். (கொடுத்தார்கள் என்பதே எங்கள் சங்கம் இரண்டு வருடம் மனு போட்டதால்தான், அது தனிக் கதை.) அந்த பூட்ஸின் மேல்விளிம்பு சரியாகக் கட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. காலை ஐந்தரையிலிருந்து மதியம் வரை உரசும். தோல் சிவக்கும், தடிக்கும், சில நாள் கீறி ரத்தம் வரும். ஆக, வலிக்காத கட்டி வேலையால் வலிக்கிற கட்டியானது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். அதற்கு சூப்பர்வைசரிடம் திட்டு. குடுத்தா போட மாட்டாளுங்க, கொழுப்பு.

மருத்துவமனைக்கு முதல்முறை போனபோது நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறோம். “என்னம்மா?” “கால்ல கட்டி சார்.” “வலிக்குதா?” “பூட்ஸு போட்டா வலிக்குது சார்.” “கொழுப்புக் கட்டி. ஒண்ணும் பண்ணாது, போ.” மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்தார். ஒரு மாத்திரை எழுதினார். வெளியே வந்த அக்காவிடம் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, “தொட்டுப் பாத்தாரா?” என்பதுதான்.

இந்தக் கேள்வியை எல்லா வீடுகளிலும் கேட்பார்கள். டாக்டர் நல்ல டாக்டரா இல்லையா என்று தமிழ்நாட்டில் ஏழைகள் அளக்கிற கோல் அது. ஆனால் நம் வீடுகளில் அந்தக் கேள்விக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. அதை நாம் சத்தமாகச் சொல்வதில்லை.

அம்பேத்கர் தன் வாழ்வின் தீண்டாமை அனுபவங்களை எழுதிய ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற சிறு நூலில், தன்னுடையதல்லாத ஒரு சம்பவத்தையும் சேர்த்திருக்கிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வந்த ஒரு கடிதம் அது. கத்தியவாரில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்த, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியர் எழுதியது. பிள்ளை பெற்ற அவர் மனைவிக்குக் காய்ச்சல். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன பிறகு, இரண்டு ரூபாய் கூலி பேசி, குடியிருப்புக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று வருகிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவர் கையில் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். பிறகு அதே வழியில் கருவி திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் டாக்டர். தொடாமலே சொல்லப்பட்ட நோய்ப்பெயர். அந்தப் பெண் செத்துப்போனார்.

இன்றைக்கு யாரும் தெர்மாமீட்டரை மூன்று கை மாற்றிக் கொடுப்பதில்லை. அரசு மருத்துவமனை ஓபியில் ஒரு காலைப்பொழுதில் ஒரு டாக்டர் பார்க்க வேண்டிய கூட்டத்தை நாங்கள் அறிவோம். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது, எல்லோரையும் படுக்க வைத்துத் தொட்டுப் பார்க்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நம் தெருவிலிருந்து படித்துப் போன டாக்டர்களும் அதே நாற்காலியில் அதே கூட்டத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். கூட்டம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். அதற்குள்ளேயே யாருக்குக் கை நீளுகிறது, யாருக்கு நீளவில்லை என்பது ஒன்றாக இருப்பதில்லை. பணியாளர் சீருடையில், கால்வாய் நாற்றத்தோடு, வேலை முடிந்த கையோடு வந்து நிற்பவரிடம் கை நீள்வது குறைவு. அந்த நாற்றம் அவருடையது அல்ல, ஊருடையது என்பது கைக்குத் தெரிவதில்லை.

தொடாமல் கட்டியைப் பார்க்க முடியாது என்பதுதான் இதில் முக்கியமானது. இது மரியாதைக்காகச் சொல்வதல்ல, மருத்துவம். லைப்போமாவை லைப்போமா என்று சொல்வதே விரல்தான். மெத்தென்று இருக்கிறதா, நகர்கிறதா, விளிம்பு வழுக்குகிறதா, தோலோடு ஒட்டியிருக்கிறதா, தசைக்கு மேலா, தசைக்கு அடியிலா என்பதை எல்லாம் விரல் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. காலில் வருகிற வீக்கம் எல்லாமே கொழுப்புக் கட்டி அல்ல. முழங்காலுக்குப் பின்னால் வரும் வீக்கம் மூட்டு நீர்ப்பையாக இருக்கலாம். அதே இடத்தில் நாடிபோலத் துடித்தால் அது புடைத்துப்போன ரத்தக்குழாயாக இருக்கலாம், அதில் கத்தி வைத்தால் காலே போகும். தொடையில் ஆழமாக, கெட்டியாக, வேகமாக வளர்கிற கட்டி, கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோயான லைப்போசார்கோமாவாக இருக்கலாம். அது அரிது. ஆனால் வரும்போது அது அதிகம் தேர்ந்தெடுக்கும் இடங்களில் ஒன்று தொடை. அதனால்தான் 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, சில மாதங்களில் சட்டென்று பெரிதான கட்டி, ஆழத்தில் நகராமல் நிற்கிற கட்டி, தானாக வலிக்கிற கட்டி, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்த கட்டி ஆகியவற்றை ஸ்கேன் எடுக்காமல் விடக்கூடாது என்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்கிறவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார். அந்த மிச்சம் இருக்கிற சிலரில் ஒருவர் நம் அம்மாவாக இருக்கும்போதுதான் பிரச்சினை.

சட்டம் படிக்கிற தோழர்களுக்கு ஒரு குறிப்பு. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 5ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது குற்றம் என்பதோடு அது நிற்கவில்லை. சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம் என்கிறது. இரண்டாவது பகுதியை யாரும் படிப்பதில்லை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நுழைய விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ஆனால் நீளாத கையை எந்தப் பிரிவில் நிரூபிப்பது? நிரூபிப்பது கடினம், நாங்களும் அதை வழக்காக்கச் சொல்லவில்லை. கூடப் போகிற ஒருவர், “சார், கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் கை நீள்கிறது. படித்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் நிற்பதற்கு அவ்வளவு மதிப்பு இருப்பது நமக்குப் பெருமை இல்லைதான். ஆனாலும் பயன்படுகிறவரை பயன்படுத்துவோம்.

அக்காவுக்கு இரண்டாம் முறை போனபோது கை நீண்டது. வேறொரு மருத்துவமனை, ஒரு இளம் பெண் டாக்டர். குனிந்து, இரண்டு விரலால் பிடித்து, நகர்த்திப் பார்த்து, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்து, “சாதாரணக் கட்டிதான்க்கா. ஆனா பூட்ஸு உரசுதே, எடுத்துரலாம். சின்ன ஆப்பரேஷன்” என்றார்.

சின்ன ஆப்பரேஷன் என்பது உண்மைதான். சர்க்கரை அளவு பார்ப்பார்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள், கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டும். கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். ஊசி ஏறும்போது எரியும், பிறகு இழுப்பது தெரியும், வலி தெரியாது. தோலைக் கீறி, கட்டியின் உறையைச் சுற்றி விரலாலோ கருவியாலோ பிரித்து எடுப்பார்கள். பல நேரம் பிதுக்கியதும் மஞ்சளாக, பலாச்சுளை வருவதுபோல முழுசாக வெளியே வரும். உறையோடு முழுசாக எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வருவது அரிது. வெற்றிடத்தில் நீர் கோக்காமல் இருக்க இறுக்கமாகக் கட்டு. மொத்தமும் அரை மணி, முக்கால் மணி. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் காசு இல்லை.

அறுத்து எடுத்ததைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நம் மக்கள் அதைச் ‘சதை டெஸ்ட்’ என்பார்கள். அந்த ரிப்போர்ட்டில்தான் கடைசி வார்த்தை இருக்கிறது. தையல் பிரிக்கப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை, அவர்களாகக் கொடுப்பதும் அரிது. மருத்துவமனைகளில் வாங்கப்படாத ரிப்போர்ட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றில் யாருடைய பெயர்கள் அதிகம் என்று ஒரு சமூகவியல் மாணவர் எண்ணிப் பார்த்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

அறுப்பது என்ற வேலையே ஒரு காலத்தில் இழிவான வேலையாக இருந்தது என்பதை இடையில் சொல்லிக்கொள்ளலாம். புண் கீறுவதும் சீழ் எடுப்பதும் பிள்ளை பிடிப்பதும் முடிதிருத்தும் குடும்பங்களின் வேலை. அதனால்தான் அவர்களுக்கு மருத்துவர் என்றும் மருத்துவச்சி என்றும் பெயர். ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த வைத்தியர். ரத்தத்தையும் சீழையும் தொட்ட கைகள் கீழ்ச்சாதிக் கைகளாக இருந்தவரை அது தொழில். பட்டமாகவும் சம்பளமாகவும் மாறிய பிறகு அது ‘தகுதி’. இடஒதுக்கீட்டில் வந்த டாக்டரிடம் ஆப்பரேஷன் செய்துகொள்வாயா என்று கேட்கிற மேதைகள், தங்கள் தாத்தாக்களின் புண்ணை யார் கீறினார்கள் என்று வீட்டில் விசாரிக்கலாம்.

சரி, சின்ன ஆப்பரேஷனுக்கு வருவோம். அது எங்கே பெரிதாகிறது? தையலில். முகத்தில் போட்ட தையலை ஐந்தாம் நாள் பிரித்துவிடலாம். காலில் அப்படி முடியாது. இதயத்திலிருந்து தூரம், ரத்த ஓட்டம் மெதுவாக இருக்கும், நிற்கும்போதும் நடக்கும்போதும் தோல் இழுபடும். அதனால் காலில் 10 நாளிலிருந்து 14 நாள் வரை தையல் இருக்க வேண்டும். அதுவரை ஈரம் படக்கூடாது, நீண்ட நேரம் நிற்கக்கூடாது, உட்காரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியில் ‘ஓய்வு’ என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரிதான் இந்தச் சிகிச்சையிலேயே விலை உயர்ந்த மருந்து. அது எந்த மருந்தகத்திலும் கிடைக்காது.

அக்கா சூப்பர்வைசரிடம் போய், “அண்ணே, பத்து நாள் லீவு வேணும்” என்றார். “லீவா? பத்து நாள் வரலேன்னா வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் வந்து நிக்காத” என்று பதில் வந்தது. இதே நகராட்சியில் நிரந்தரப் பணியில் இருக்கும் ஓர் அலுவலக உதவியாளருக்கு முந்தின மாதம் முதுகில் இதே கட்டியை எடுத்தார்கள். மருத்துவச் சான்று கொடுத்தார், இரண்டு வாரம் வீட்டில் இருந்தார், சம்பளம் முழுசாக வந்தது. அவர் நல்ல மனிதர், அவருக்கு அது கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. கட்டி ஒன்று, கத்தி ஒன்று, அலுவலகம்கூட ஒன்று. இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒப்பந்தத் தாள்.

நான்கு வருடம் அக்கா ஆப்பரேஷனைத் தள்ளிப்போட்டதை ‘விழிப்புணர்வு இல்லாமை’ என்று எழுதுவார்கள். நம் மக்கள் நோயை மறைப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் பயப்படுவார்கள், வைத்தியரிடம் போய்க் கெடுத்துக்கொள்வார்கள் என்று முகாம் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பயமும் இருக்கிறதுதான், பொய் சொல்லத் தேவையில்லை. ஆனால் அக்கா கணக்குப் போட்டுத்தான் தள்ளிப்போட்டார். பத்து நாள் கூலி போனால் குழுக் கடன் தவணை நிற்கும், தவணை நின்றால் வீட்டு வாசலில் வந்து உட்காருவார்கள், மகளின் கல்லூரி பஸ் பாஸ், மாமியாரின் மாத்திரை. அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது எங்களில் பொருளாதாரம் படிக்கிற ஒருவர் வாய் திறக்கவில்லை.

கடைசியில் எடுத்தார்கள். நான்காம் நாள் காலை ஐந்தரைக்கு அக்கா வேலைக்குப் போனார். மழைக்காலம். ஏழாம் நாள் தையல் இரண்டு விட்டுப்போய் சீழ் பிடித்தது. பத்து நாளில் ஆறியிருக்க வேண்டிய புண் ஆற ஏழு வாரம் ஆனது. டிரெஸ்ஸிங் போடுகிற இடத்தில், “சொன்னா கேக்குறீங்களா, ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்” என்று ஒரு குரல். அதில் ‘ஒங்கள மாதிரி ஆளுங்க’ என்பது யார் என்று விளக்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை என்றால் கூலி போகும் என்பது அரசுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 1981லிருந்து மத்திய அரசு ஒரு திட்டத்தை நடத்துகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்கிறவர்களுக்குக் கூலி இழப்புக்கு ஈடாகப் பணம். பணத்தை அறுவை செய்துகொண்டவரின் கணக்கில் போடுகிறார்கள். பெண் கருத்தடையில், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மற்றவர்களைவிடக் கூடுதல் தொகை. நெருக்கடி நிலையின்போது 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்து பார்த்த நாடு இது. ஏழையின் உடம்பில் ஒரு கத்தி பட வேண்டும் என்று அரசு விரும்பும்போது அவருக்குக் கூலி போகும் என்பது அரசின் கண்ணுக்குத் தெரிகிறது. நம் பிள்ளைகள் பிறக்காமல் இருப்பதற்குக் கூலி உண்டு. பிறந்துவிட்ட நாம் நடப்பதற்கு இல்லை.

ஆக, கூலி ஈடு என்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்துக் கேட்கும் சலுகை அல்ல. கருத்தடைக்குக் கொடுக்க முடிந்ததைக் கட்டிக்கும் குடலிறக்கத்துக்கும் கர்ப்பப்பைக்கும் கொடுக்கச் சொல்கிறோம். காப்பீட்டு அட்டையைக் காட்டி வாயை அடைக்க வேண்டாம். அட்டை மருத்துவமனைக்குக் காசு கொடுக்கும், படுத்திருக்கிறவரின் அடுப்புக்குக் கொடுக்காது.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரு வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் தோழர்கள் பலருக்கே தெரியவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருவார்கள். தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிக்க வேண்டும், வேலை கொடுப்பவர் 3.25 சதவீதம் போட வேண்டும். அப்படிக் கட்டப்பட்டிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். அக்காவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள், ரசீதில் இருக்கிறது. அவருக்கு இ.எஸ்.ஐ. எண் என்ன என்று கேட்டோம். “அப்படின்னா?” என்றார். அவரோடு வேலை செய்யும் பதினொரு பேரிடம் கேட்டோம். எண் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பிடித்த பணம் கட்டப்பட்டதா, எத்தனை நாளுக்குக் கட்டப்பட்டது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். 78 நாளைத் தொடாமல் இருக்க ஆளை மாற்றி மாற்றிப் போடுவது, பெயரை அடித்து மறுபடி எழுதுவது எல்லாம் ஒப்பந்தத் தொழிலில் தெரிந்த வித்தைகள்தான்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்று கேட்டார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அப்போது கல்லூரித் தோழர்கள் சிலர் எங்களிடம், ‘குப்பை அள்ளும் வேலையையே நிரந்தரமாக்கச் சொல்வது சாதித் தொழிலை நிரந்தரமாக்குவது ஆகாதா?’ என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தொழிலை விட்டு நம் அடுத்த தலைமுறை வெளியே வர வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் இன்று அதில் இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பணி நிரந்தரம் என்றால் என்ன பொருள்? காலில் தையலோடு பத்து நாள் காலை நீட்டிப் படுத்திருக்கலாம், எழுந்து போகும்போது வேலை அங்கேயே இருக்கும் என்பதுதான். அந்தப் பத்து நாள் கிடைக்காத அம்மாவின் மகள்தான் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் பதிலாகத் துடைப்பத்தை எடுக்கிறாள். அக்கா வேலைக்குப் போக முடியாத நாட்களில், ஆளை மாற்றிவிடக் கூடாதே என்று நான்கு நாள் மகள் போனாள். இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிறவள். அந்த நான்கு நாளில் அவளுக்கு ஒரு உள்மதிப்பீட்டுத் தேர்வு இருந்தது.

எங்கள் வட்டத்தில் இருக்கிற மாணவத் தோழர்கள் இந்த மாதம் செய்யப்போவது இது. தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், சம்பள ரசீதையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் குறித்து, எத்தனை நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். உடம்பில் கட்டியோ ஆறாத புண்ணோ வைத்துக்கொண்டு தள்ளிப்போடுகிறவர்களின் பட்டியலையும் எடுப்பார்கள். 5 சென்டிமீட்டர் என்பதைக் கண்ணால் அளக்க ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிதாக இருந்தால் அவர்களைப் பட்டியலில் மேலே போட்டு, அந்த வாரமே கூட்டிப் போக வேண்டும். அறுவைக்குப் போனவர்கள் தையல் பிரிக்கிற நாளில் யாராவது ஒருவர் கூடப் போய்ச் சதை டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கி, அதில் எழுதியிருப்பதை அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. கோரிக்கை இரண்டுதான். நகராட்சியின் ஒப்பந்த நிபந்தனையிலேயே, மருத்துவச் சான்று கொடுத்த தொழிலாளியைத் தையல் பிரிக்கும்வரை மாற்றக்கூடாது, அந்த நாட்களின் கூலியை ஒப்பந்தக்காரர் தர வேண்டும் என்று எழுத வேண்டும். இரண்டாவது, பிடித்த இ.எஸ்.ஐ. பணத்தின் கணக்கை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். மனுவை அக்காக்களின் பெயரிலேயே கொடுப்போம், நம் அமைப்பின் பெயரில் வேண்டாம். பத்து மணிக்கெல்லாம் வரிசை நீண்டுவிடும், ஒன்பதுக்கே வந்துவிடுங்கள். ரசீது எண்ணை வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.